பெரிய எழுத்தில் ஒரு புராணம்

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

மின்னூல் என்ற சொல் யாழ்ப்பாணத்துக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருந்த காலம். நம் கடைக்கு ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை வந்தாள். ஒரு நாவலின் பெயரைச் சொல்லி, "உது ஈ-புக்கா இருக்கோ அண்ணை?" என்று கேட்டாள். ஈ-புக் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கமும் எனக்கு இருக்கவில்லை. "இல்லை" என்றால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்று பழகிப்போன வாய். ஆகவே அலுமாரியை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தேன். ஏணியை இழுத்து வைத்து ஏறி, மேல்தட்டையும் தடவிப் பார்த்தேன். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, "இருந்தது பிள்ளை. கடைசிப் பிரதி நேற்றுத்தான் வித்துப்போச்சு. வெள்ளிக்கிழமை கொழும்பிலையிருந்து வரும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. "அப்ப வெள்ளிக்கிழமை வாறன்" என்று போனவள், வெள்ளிக்கிழமை இரண்டு சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் அதை மறுபடி சொல்வதை அவர்களும் காதால் கேட்க வேண்டுமாம். நானும் அவர்களை ஏமாற்றி அனுப்பவில்லை. "லொறி ஆனையிறவிலை பழுதாப்போய் நிக்குது" என்றேன்.

பிள்ளைகள் வீதிக்குப் போய்ச் சிரித்த சிரிப்பு கடைக்குள் கேட்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எடேய், உது லொறியிலை வாற சாமான் இல்லை."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நான் நின்ற அதே மேசைக்குப் பின்னால்தான் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். பழைய ஆள் என்ற முறையில் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பில் போடுவது, பார்சல் பிரிப்பது, விற்காததைத் திருப்பி அனுப்புவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கணினியில் நான் செய்த பிழைகளைத் திருத்தியவர்களே நீங்கள்தான். அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு வாசகர் வந்து, கெட்டி அட்டையா, மெல்லிய அட்டையா, மின்னூலா என்று தெரியாமல் நின்றால் என்ன செய்வது?

நான் செய்ததைச் செய்யாதீர்கள். நான் ஆளின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறவன். கழுத்தில் சங்கிலி தடிப்பாக இருந்தால் கெட்டி அட்டை. சைக்கிள் கரியரில் வெங்காய மூட்டை இருந்தால் மெல்லிய அட்டை. காதில் வயர் தொங்கினால் மின்னூல்காரர், வெயிலுக்குத்தான் உள்ளே வந்திருக்கிறார். இந்த மூன்று விதியையும் நான் பெரிய சாத்திரம் போல வைத்திருந்தேன். அதை உடைத்தவர் ஒரு ரீச்சர்.

அவர் சாவகச்சேரிப் பக்கம். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தன் ஊர்க் கோயிலில் புராணம் படிக்கிறவர். நம் ஊரில் பிறந்த உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்களில் சிலர் புராணப் படிப்பு நடக்கும்போது வெளிவீதியில் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் என்பதால் சொல்கிறேன். ஒருவர் முன்னால் சிறு பீடத்தில் வைத்த புத்தகத்தைப் பார்த்துப் பாட்டை இராகத்தோடு படிப்பார். பக்கத்தில் இருக்கும் மற்றவர் அந்தப் பாட்டுக்குப் பொருள் விரித்துச் சொல்வார். அதைப் பயன் சொல்வது என்போம். அந்தக் கோயிலில் வருடத்துக்கு ஒரு மாதம், பின்னேரப் பூசைக்கு முன்னால் இது நடக்கும். பாட்டு ஆயிரக்கணக்கில். மனப்பாடம் செய்ய முடியாது. செய்தாலும் புத்தகத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது அங்கே முறை.

ரீச்சர் கடைக்கு வந்து கதிரையில் இருந்து, வியர்வையைத் துடைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, சீனி வருத்தம் கண்ணிலை பிடிச்சிட்டுது. இனிக் கண்ணாடியாலை பெரிசா ஒண்டும் செய்யேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கோயில் புத்தகம் பழசு, எழுத்துப் பொடி. போன வருசம் படிக்கேக்கை ரெண்டு இடத்திலை தட்டுப்பட்டுது."

"ரெண்டு இடம்தானே ரீச்சர்? நான் பேர் எழுதினாலே மூண்டு இடத்திலை தட்டுப்படுவன்."

"நீர் கோயிலிலை படிக்கேல்லை. கோயில் மனேச்சர் ஒரு சீடி வைச்சிருக்கிறார். ஆரோ நல்லாப் பாடின பதிவு. இந்த முறையும் நான் தடக்கினா, அடுத்த நாளே அதை ஸ்பீக்கரிலை போட்டுவிடுவாராம்."

"போட்டா?"

"போட்டா என்ன? நான் வீட்டிலை இருந்து அதைக் கேக்கலாம். ஊருக்கே கேக்குமெல்லே." சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். "இந்த ஒரு மாதத்துக்காகத்தான் தம்பி மற்ற மாதமெல்லாம் தொண்டையைக் காப்பாத்தி வைச்சிருக்கிறன். ஐஸ்கிறீம் சாப்பிட்டுக் கனகாலம்."

நான் உடனே என் சாத்திரத்தைப் பிரயோகித்தேன். கோயில், ரீச்சர், புராணம். சந்தேகமே இல்லை, கெட்டி அட்டை! புதுப் பதிப்பு, தங்க எழுத்து, உள்ளே எழுத்தும் கோயில் புத்தகத்தைவிடப் பெரிது. ரீச்சர் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, "ஓம், தெரியுது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டேன்.

அடுத்த கிழமை புத்தகம் திரும்பி வந்தது.

"உது விரிஞ்சு கிடக்குதில்லை தம்பி. பீடத்திலை வைச்சா வாயை மூடிக்கொள்ளுது. கேள்வி கேட்டா வாய் திறக்காத பெடியன் மாதிரி."

"மேலை ஒரு பாரம் வைச்சுப் பாத்தியளோ?"

"வைச்சன். கல்லு இருந்த இடத்திலைதான் பாட்டு இருந்துது."

சரி, மெல்லிய அட்டை. அதிலே பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்று பல பாகங்களாக இருந்தது. கையில் எடுத்தால் பப்படம் போல. விரித்து அழுத்தினால் படுத்துக் கிடந்தது. அழுத்தித்தான் காட்டினேன், கடையில். ரீச்சர் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே இருந்து படித்துப் பழகியபோது, அழுத்திய முதுகு பசை விட்டுப் பிரிந்து, தாள்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் பறந்தனவாம். "ஒரு பாட்டின்ரை மிச்சத்தைக் கோழிக்கூட்டுக்குள்ளை போய்த்தான் எடுத்தனான்" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். படிப்புத் தொடங்க இன்னும் கொஞ்ச நாட்களே இருந்தன. ரீச்சரின் குரலில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. "விடு தம்பி. சீடியே பாடட்டும்" என்று எழும்பினார்.

இவ்வளவையும் முதலாளி மேசையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ரீச்சரை இருக்கச் சொல்லி, எனக்கு ஒரே ஒரு கேள்வி போட்டார்.

"அவ எங்கை வைச்சு வாசிக்கிறா எண்டு நீ ஒருக்காலாவது கேட்டனியோ?"

"கோயிலிலை."

"கோயிலிலை எங்கை? பீடம் எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் பாத்து இருக்கு? வெளிச்சம் எந்தப் பக்கத்தாலை வருது? பக்கத்தை ஆர் புரட்டுறது?"

நான் அலுமாரியில் இருந்த கெட்டி அட்டையைத் திருப்பி, விலை ஒட்டியிருந்த பக்கத்தைப் பார்த்தேன்.

"புத்தகத்தின்ரை எடையும் விலையும் உனக்குத் தெரியும். அவவின்ரை இருப்பிடம் தெரியாது. போ, போய்ப் பாத்திட்டு வா."

வேலை நேரத்தில் ஓர் ஊழியனை ஒரு வாடிக்கையாளரின் கோயிலுக்கு அனுப்பிய முதலாளியை நான் வேறெங்கும் காணவில்லை. அன்று கொடிகாமம் பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்ததில் எனக்கு ஒரு சுற்றுலாச் சந்தோஷம்கூட. கோயிலுக்குப் போய், ரீச்சர் இருக்கும் இடத்தில் நானும் தரையில் சப்பாணி கட்டி இருந்து பார்த்தேன். இருந்த உடனே விளங்கிவிட்டது. மண்டபத்து ரியூப்லைற் படிக்கிறவரின் தலைக்குப் பின்னால். குனிந்தால் அவருடைய நிழலே பக்கத்தின் மேல் விழும். எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தும் என்ன, இருட்டில் இருக்கும் எழுத்து!

தானே வெளிச்சம் தருகிற புத்தகம்தான் வேண்டும். அதாவது, லொறியிலை வராத அந்தச் சாமான்.

ரீச்சரிடம் மகள் கனடாவிலிருந்து அனுப்பிய ரப் ஒன்று இருந்தது. கைத்தொலைபேசியை உருட்டுக்கட்டையால் தட்டிப் பரப்பியது போன்ற அந்தப் பலகையைத்தான் சொல்கிறேன். அதில் பேரப்பிள்ளைகளின் முகம் பார்ப்பதைத் தவிர அவர் வேறொன்றும் செய்ததில்லை. நான் அதற்குள் புராணத்தை இறக்கிக் கொடுத்து, எழுத்தைப் பெருப்பித்துக் காட்டினேன். ரீச்சர் ஒரு பாட்டைக் கண்ணாடி இல்லாமல், நிமிர்ந்து இருந்தபடி, ஒரே மூச்சில் படித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நாளும் உதுக்குள்ளை பேரனின்ரை பல்லைத்தான் பாத்தனான்" என்றார்.

மிஞ்சியிருந்தது ஒரு தடை. பயன் சொல்கிறவர். எண்பதைத் தொட்டவர், ஒடிசலான ஆள். ஊரில் எல்லாருக்கும் அவர் கந்தையா அண்ணை. ரப்பைக் கண்டதும் அவர் தன் சால்வையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டார், அது கடிக்கும் என்பது போல.

"புத்தகத்துக்குப் பூ வைச்சுத் தொடங்கிறம். உதுக்கு என்னத்தை வைக்கிறது?"

"சார்ஜரை வைக்கலாம் அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன், என் பகிடிக்குச் சிரிக்காதவர்களிடமிருந்துதான் நான் எதையாவது கற்றிருக்கிறேன்.

"பீடத்திலை புத்தகம் இல்லாட்டி நான் வாய் திறக்க மாட்டன்" என்றார்.

கடைசியில் ரீச்சரே வழி சொன்னார். பழைய கோயில் புத்தகம் பீடத்தில் வழமைபோல் இருக்கும். அன்றைய இடத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல்கயிறு வைத்து மூடி, அதன்மேல் ரப். கந்தையா அண்ணை சம்மதமாகத் தலையாட்டவில்லை. ஆனால் எழும்பிப் போகவும் இல்லை. ஊரிலே அதற்குப் பெயர் சம்மதம்.

முதல் நாள் நானும் போனேன். முதலாளி அனுப்பவில்லை. பெருமையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானாகத்தான் போனேன். வேட்டி கட்டி முன்வரிசையில் இருந்தேன். மனேச்சர் தூணோடு நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் சீடிப் பெட்டி தயாராக இருந்தது.

ஐயர் வந்தார். யாரும் அவருக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை. பீடத்தில் இருப்பதைப் பார்த்தார். எல்லா வருடமும் செய்வதைப் பக்தியோடு செய்தார். திரையின் நடுவில் நல்ல ஈரச் சந்தனமாகப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, தண்ணீர் சொட்டும் செவ்வரத்தம்பூ ஒன்றையும் வைத்துவிட்டுப் போனார்.

ரீச்சர் பூவை மெல்ல எடுத்து ஓரத்தில் வைத்து, கலங்காமல் முதற் பாட்டைப் படித்தார். மண்டபமே நிமிர்ந்து இருந்தது. கந்தையா அண்ணை பயன் சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துச் சந்தனம் இளகி, தொடுகிற விரல்போலத் திரையில் வழிய, ரப்பும் தன் பாட்டில் படிக்கத் தொடங்கிவிட்டது. பக்கம் தானாகப் புரண்டது. ஒரு பக்கம், பத்துப் பக்கம், ஒரு காண்டம். தேவர்கள் பிறந்தார்கள், அசுரர்கள் இறந்தார்கள், எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

ரீச்சர் என்னைப் பார்த்தார். மனேச்சர் ரீச்சரைப் பார்த்தார். நான் முழங்காலில் தவழ்ந்து பீடத்துக்குப் பக்கத்தில் போனேன்.

இந்த இடத்தை நன்றாக வாசியுங்கள். அவதியில் ஆள் என்ன செய்வான் என்பதற்கு நானே உதாரணம். சால்வைத் தலைப்பால் திரையைத் துடைத்தேன். சந்தனம் பரவியது. விரலால் நிறுத்தப் பார்த்தேன். எழுத்துப் பெருத்தது. இன்னும் தொட்டேன். இன்னும் பெருத்தது. கடைசியில் திரை முழுக்க ஒரேயொரு 'ந' மட்டும் யானை மாதிரி நின்றது. என் நெற்றி வியர்வை அதன்மேல் விழ, மறுபடி பக்கம் ஓடியது.

அப்போதுதான் காதில் விழுந்தது. கந்தையா அண்ணை இன்னும் முதற் பாட்டிலேயே நின்றார். வழக்கமாக ஒரு பாட்டுக்குக் கொஞ்ச நேரம் பயன் சொல்லி, அடுத்ததுக்குக் கையைக் காட்டிவிடுகிறவர். இன்று ஒரு சொல்லை எடுத்தார். அதற்குப் பொருள் சொன்னார். அந்தப் பொருளுக்கு ஒரு கதை சொன்னார். கதைக்குள் வந்த ஒரு மலையின் பெருமை சொன்னார். மலையிலிருந்து இறங்க அவசரப்படவேயில்லை.

அந்தக் குரலில்தான் எனக்கு மூச்சு வந்தது. கையை எடுத்தேன். எந்த அவதியிலும் முதல் வேலை கையை எடுப்பது, பிள்ளைகளே. வேட்டியின் உலர்ந்த கரையால் திரையை ஒருமுறை, ஆறுதலாக, முழுதாகத் துடைத்தேன். பிறகு கீழே இருந்த பழைய புத்தகத்தை நூல்கயிறு இருந்த இடத்தில் திறந்தேன். பொடி எழுத்துத்தான், ஆனால் பாட்டின் இலக்கம் ஓடாமல் நின்றது. அந்த இலக்கத்தை ரப்பில் தட்டினேன். பாட்டு வந்து நின்றது, பெரிய எழுத்தில், வெளிச்சத்தோடு. ரீச்சர் தொண்டையைச் செருமினார். கந்தையா அண்ணை மலையிலிருந்து இறங்கி, கையைக் காட்டினார்.

அன்று ஓர் இடத்திலும் தட்டுப்படவில்லை.

முடிந்ததும் மனேச்சர் ரீச்சரிடம் வந்தார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். "இண்டைக்குப் பயன் வடிவா இருந்துது. முந்தி ஒருநாளும் இப்பிடி விரிச்சுச் சொன்னதில்லை" என்றார். பிறகு, போகிற போக்கில், "நாளைக்கும் நேரத்துக்கு வந்திடுங்கோ ரீச்சர்" என்றார். ரீச்சர் அந்த மாதம் முழுக்கப் படித்தார். மறுநாளிலிருந்து பழைய புத்தகம் முன்னால், சந்தனத்தோடு. ரப் அதற்குப் பின்னால், சாய்த்து, ஐயரின் கை எட்டாத தூரத்தில்.

மாதம் முடிந்து ரீச்சர் கடைக்கு வந்தார். வாங்கியது என்ன தெரியுமா? அவர் திருப்பித் தந்த அதே கெட்டி அட்டைப் புத்தகம். கோயிலுக்குக் கொடுக்கப் போகிறாராம். பழையது சந்தனத்தில் ஊறிவிட்டது, பீடத்துக்கு ஒன்று வேண்டும். வாய் மூடிக்கொண்டாலும் பரவாயில்லை, அது அங்கே பேசத் தேவையில்லை. பறந்த மெல்லிய அட்டைத் தாள்களை என்ன செய்தார் என்று கேட்டேன். குசினியில் கொடி கட்டி, உடுப்புக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாராம். கறி கொதிக்கும் நேரத்தில் நின்றுகொண்டு பாடிப் பார்க்க அதுதான் வசதியாம். மூன்றும் அவருக்கு வேண்டியிருந்தது, மூன்று இடத்தில். நான் அவருடைய முகத்தைப் பார்த்து ஒன்றைத் தீர்மானிக்கப் பார்த்தேன்.

ஆகவே எந்த அட்டை நல்லது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். எங்கே இருந்து வாசிப்பீர்கள், யார் பக்கத்தில் இருப்பார், வெளிச்சம் எப்படி என்று கேளுங்கள். சிலர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் ஏணியில் ஏறி ஈ-புக் தேடியதைவிட அது மோசமில்லை.

இத்தனை வருடம் இந்த மேசைக்குப் பின்னால் எனக்குச் சம்பளம் தந்ததே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. என்னை வெளியே அனுப்பாமல் கோயிலுக்கு அனுப்பிய முதலாளி, பிழையான புத்தகத்தை இரண்டு தரம் சுமந்துகொண்டு வந்தும் மூன்றாம் தரம் என்னை நம்பிய ரீச்சர். இவர்களுக்கெல்லாம் வாய்விட்டு நன்றி சொல்லிவிட்டேன். முதலாளி "போய் வேலையைப் பார்" என்றார். ரீச்சர் ஒரு பை முருங்கைக்காய் தந்தார்.

கந்தையா அண்ணைக்குச் சொல்லத்தான் பிந்திப்போனது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் புகையிலை காயப்போட்டுக்கொண்டு நின்றார். தேத்தண்ணி வந்தது. நான் பகிடி எதுவும் விடாமல், ஒழுங்காகச் சொன்னேன்: "அண்ணை, அண்டைக்கு நான் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க, நீங்கள் அந்த ஒரு பாட்டை இழுத்து இழுத்துச் சொல்லி எங்களைக் காப்பாத்தினியள். ரீச்சரின்ரை இடமும் என்ரை மானமும் உங்களாலைதான் தப்பினது."

அவர் ஓர் இலையைத் திருப்பிப் போட்டார்.

"இழுக்கேல்லைத் தம்பி, அந்தப் பாட்டிலை அவ்வளவு கிடக்கு."